முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் முனகிய வண்டி

நான் ஓட்டுவது சாவு வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே 'அமரர் ஊர்தி' என்று எழுதியிருக்கும். எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோல் பதனிடுகிற ஷெட்டுத் தொழிலாளிகள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தின் வண்டி அது. ஓடித் தேய்ந்த வேன் ஒன்றை வாங்கி, இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்து, நடுவில் படுக்கவைக்க ஒரு தகரப் பலகையும் ஓரத்தில் சொந்தக்காரர்கள் உட்கார பெஞ்சும் போட்டிருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தவரை ஊருக்குக் கொண்டுவருவது, ஊரில் இறந்தவரை இடுகாட்டுக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ கொண்டுபோவது எல்லாம் நான்தான். சாதி மதம் பார்க்காத வண்டி என்று சங்கச் செயலாளர் மைக் கிடைத்தால் பேசுவார். அவர் ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் அந்த வண்டி முனக ஆரம்பித்தது. வேகம் முப்பதைத் தொட்டதும் தரை அதிரும். அடிவயிற்றிலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு முனகல் கிளம்பும். நாற்பதைத் தாண்டினால் கப்சிப். முப்பதுக்குக் கீழே வந்தாலும் கப்சிப். வேறு வண்டியாக இருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பிணத்தை வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போகிற வேகமே முப்பதிலிருந்து நாற்பதுதான். அதற்கும் கீழே உருட்டினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே சாகடிப்பான். கொஞ்சம் மிதித்தால், எங்கப்பனைத் தள்ளிட்டு வேற சவாரிக்குப் போணுமா உனக்கு என்று மகன் சட்டையைப் பிடிப்பான்.

ஆக, ஒவ்வொரு சவாரியிலும் முனகல். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? அவர்கள் எதிரே படுத்திருக்கிறவரைத்தான் பார்ப்பார்கள். ஒரு குடும்பம் வழியில் இரண்டு தரம் வண்டியை நிறுத்தச் சொல்லி மூக்கில் கை வைத்துப் பார்த்தது. ஒரு மருமகன் ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்துவிட்டான், முட்டி பெயர்ந்தது. ஒரு அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கொறட்டை இப்படித்தான் இருக்கும், கடைசியா ஒரு தரம் கேட்டுட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன சொல்ல? ஆமாம்மா என்றேன்.

ஊரில் எல்லாரும் எனக்குச் சொன்ன யோசனை ஒன்றுதான். தம்பியைக் கூப்பிடு. அந்த வண்டியின் அடிப்பக்கத்தைப் பிரித்து மாட்டி வளர்த்தவன் என் தம்பி. நான் ஓட்டுவேன், அவன் படுத்துப் பார்ப்பான், அப்படித்தான் ரொம்ப நாள் ஓடியது. சாவியைத் திருப்புகிற சத்தத்திலேயே இன்ன இடத்தில் இன்னது போச்சு என்பான். ஆனால் எனக்கும் அவனுக்கும் பேச்சு கிடையாது.

ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் அம்மாவை அதே வண்டியில்தான் கொண்டுபோனோம். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தம்பி கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தான். நான் இறங்கி, ஒரு பிளேட்டை ஒழுங்காகப் போட வக்கில்லையா என்றேன். கிளட்ச் மேலயே காலை வெச்சினு ஓட்டினா எந்தப் பிளேட்டு நிக்கும் என்றான் அவன். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். வெயில் ஏறுகிறது. மாமன் மச்சான் எல்லாம் தலையில் துண்டு போட்டு நிற்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் பாலத்துச் சுவரோரம் நின்று கிளட்ச்சைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டோம். அம்மா என்ற பேச்சையே இரண்டு பேரும் எடுக்கவில்லை. கடைசியில் தோல் ஏற்றிவந்த மினி லாரியில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். இன்றைக்கும் சொல்வேன், அவன் பிளேட் போட்ட லட்சணம் சரியில்லை.

அதற்கப்புறம் அவன் பெண்டாட்டி ஊரான வாலாஜாபேட்டைக்குப் போய் லாரி பட்டறை போட்டுக்கொண்டான். என் மகள் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. அவன் வீட்டுக்குப் பால் காய்ச்சினபோது நான் போகவில்லை. அவன் நம்பரை நான் அழிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவனை நினைத்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். கோபம் அடங்கினால் அடுத்து என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அடங்கவிடாமல் வைத்திருந்தேன்.

எனவே வண்டியை பைபாஸ் ஓரத்து லாரி பட்டறையில் இருக்கிற பாயிடம் விட்டேன். நிதானமான மனுஷன். எதையும் மூன்று தரம் யோசிப்பார். அவர் யோசிக்கிற நேரத்தில் என் ரத்தம் கொதிக்கும். முதலில் டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டினார். முனகல் மாறவில்லை. அடுத்து நாற்பதில் போய் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு உருளவிட்டார். இன்ஜின் அடங்கிவிட்டது, முனகல் அடங்கவில்லை. அப்ப இன்ஜினும் இல்லே, கிளட்ச்சும் இல்லே என்றார். கிளட்ச் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு அடியில் ஓடுகிறதே, அதன் இணைப்புகளைப் புதுசாக மாற்றிப் பார்த்தார். அதற்கும் அது அசையவில்லை.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழலவிட்டால் சத்தமே காணோம். பாய் தாடியைத் தடவினார். பாரம் இருந்தால்தான் முனகுகிறது, ஜாஸ்தி பாரம் வைத்து ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒருத்தர் பின்னால் தரையோடு காதை வைத்துச் சத்தம் எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்றார்.

பாரத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஷெட்டில் பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு மூட்டை நாலைந்து வாங்கி ஓரத்துப் பெஞ்சுகளில் அடுக்கினோம். காது வைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. உள்ளே தரை என்று இருப்பது அந்தத் தகரப் பலகைதான். அதில் படுக்க வேண்டும். பட்டறையில் இருந்த ஒருத்தன் அவசரமாக மூத்திரம் போகக் கிளம்பினான், திரும்பவே இல்லை. வேடிக்கை பார்க்க வந்த செயலாளர் தனக்கு சுகரும் பிரஷரும் இருப்பதை ஞாபகப்படுத்தினார். நீங்களே படுங்க, நான் ஓட்டுறேன் என்று பாயைக் கேட்டேன். எங்களுக்குத் தோள்ல போறதுதான் வழக்கம் டிரைவரே, வண்டில படுத்துப் பழக்கம் இல்லே என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். இத்தனை பேரைப் படுக்கவைத்துக் கொண்டுபோயிருக்கிறேன், நான் படுத்தால் என்ன குறைந்துவிடும்? தள்ளுங்கய்யா என்று ஏறிப் படுத்தேன். பலகைக்கு இரண்டு பக்கமும் விளிம்பு உண்டு, ஒருக்களிக்க முடியாது, மல்லாக்கத்தான் படுக்கணும். தலையைப் பலகையோடு ஒட்டி வெச்சுக்கோ, கண்ணை மூடிக்கோ, எலும்புல கேக்கும் என்றார் பாய். பாக்கெட்டில் போன் குத்தியது. அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

வண்டி முப்பதைத் தொட்டதும் என் பல் இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் வண்டிச் சத்தம் எங்கே கேட்கிறது? நிறுத்தச் சொல்லி, தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தாடையிலிருந்து உச்சந்தலைக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது பல் ஆடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வண்டியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஊரில் தாடையைக் கட்டிய ஆள் என்றால் யார் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பாய் மாதனூர்ப் பக்கம் போகாமல் ஊருக்குள் திருப்பினார். பைபாஸில் முப்பத்தைந்தில் போனால் லாரிக்காரன் ஏறிவிடுவான் என்ற பயம். மார்க்கெட் வழியாகப் போனோம். இதெல்லாம் அப்புறம் எனக்குச் சொன்னார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு முனகலைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்களாம். ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் எழுந்து நின்று செருப்பைக் கழற்றினார்களாம். போலீஸ்காரர் எதிர்ப்பக்கத்து வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். அதனால் வேகம் ஒரே சீராக இருந்தது என்று பாய் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வார். பூக்காரம்மா ஒரு பிடி உதிரிப்பூவைக் கண்ணாடி மேல் போட்டிருக்கிறாள்.

டீக்கடைக்காரன்தான் முதலில் அடையாளம் கண்டவன். நம்ம டிரைவருடா, அவரு வண்டியிலேயே போறாரு என்றிருக்கிறான். உப்பு மூட்டைகளைப் பார்த்ததும் இருந்த சந்தேகமும் போய்விட்டது. எங்கள் ஆட்களைப் புதைக்கும்போது குழியில் உப்பு கொட்டுவது வழக்கம். ஆனாலும் நாலைந்து மூட்டையா, ஆளு கொஞ்சம் பெரிய ஆளுதான் என்று பேசிக்கொண்டார்களாம். ஒரு வாத்தியார் மட்டும், அவர் கால் விரல் ஆடுதே என்று சொல்லியிருக்கிறார். பாவம் வயசாயிடுச்சு என்று அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம்.

சேதி என் வீட்டுக்குப் போனது. என் மனைவி எனக்குப் போன் அடித்திருக்கிறாள். போன் பாய் மடியில் அடிக்கிறது. அவர் பார்த்தால் திரையில் ஒரு பெண் படம். அடுத்தவன் வீட்டுப் பொம்பளை போனை நான் எப்படி எடுப்பது என்று விட்டுவிட்டார். அது அடித்து அடித்து ஓய்ந்தது. போனை எடுக்காத புருஷன், தாடையைக் கட்டிய புருஷன், உப்போடு போகிற புருஷன். அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

எனக்கோ அதற்குள் சத்தம் பிடிபட்டுவிட்டது. முதுகுக்கு நடுவில், இடது தோள்பட்டைக்குக் கீழே. ஊரைத் தாண்டி வந்திருந்தோம், எழுந்து கத்தினேன். பட்டறைக்குத் திரும்பியதும் பாய் அடியில் நுழைந்தார். நீளத் தண்டைப் பாதி வழியில் தாங்கிப் பிடிக்கிற சென்டர் பேரிங் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை வண்டியின் அடிச்சட்டத்தில் மாட்டுகிற இடத்தில் ரப்பர் இருக்க வேண்டும். பாய் கையில் வந்தது தோல். மூன்றாக மடித்து, போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, ஓரம் சீவிய எருமைத் தோல். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கொம்பு மாதிரி விறைத்து ஒரு பக்கம் எழும்பி நின்றது. அந்தக் கோணலில்தான் தண்டு சுற்றியிருக்கிறது.

இதை யார் வைத்தது என்று செயலாளரைப் பார்த்தேன். அவர் ஷெட்டில் ஃபினிஷிங் செக்‌ஷன் மேஸ்திரி. கொஞ்சமும் வெட்கமில்லாமல், மழைக்கு முன்னால் ரப்பர் கிழிந்து கிடந்தது, நம்ம ஊர்ல இருந்துகினு ரப்பர் வாங்குவாங்களா, சூப்பர் குவாலிட்டி டிரைவரே, எக்ஸ்போர்ட்டுக்குப் போற சரக்கு என்று அதைத் தடவிக்கொடுத்தார். பாய் தோலை வளைத்துப் பார்த்து, சரக்கு நல்ல சரக்குதான் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டலாம் போல இருந்தது.

பழைய சாமான் கடையிலிருந்து ரப்பரோடு ஒரு பிராக்கெட் வாங்கிவந்து பாய் மாட்டினார். இனி வீட்டு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம், நீ மறுபடி படுத்துக் கேளு என்றார். படுத்தேன். துண்டை அவிழ்க்கவில்லை, பல் ஆடினால் என்ன செய்வது? முப்பது வந்தது. முப்பத்தைந்து வந்தது. அதிர்வு இல்லை, முனகல் இல்லை. பலகை குளுகுளுவென்றிருந்தது. இத்தனை நாள் அந்தச் சத்தத்தோடு போராடியிருக்கிறேன், உடம்பு விட்டுப்போய் அப்படியே தூங்கிவிட்டேன்.

பாய் வண்டியைச் சத்தமில்லாமல் எங்கள் தெருவுக்குள் விட்டபோது அங்கே ஷாமியானா கட்டி முடித்து, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. இது என்ன கூட்டம் என்று பாய்க்குப் புரியவில்லை. கதவைத் திறந்தவர்கள் ஓவென்று அழுதார்கள். என் மனைவி ஓடிவந்து என் மார் மேல் விழுந்தாள். அவள் விழுந்த வேகத்தில் நான் எழுந்து உட்கார்ந்து, இன்னாடி, இன்னா ஆச்சு, யாரு போய்ட்டாங்க என்று கேட்டேன்.

எல்லாரும் அலறி ஓடினதில் வண்டியைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் இல்லை. முதலில் சமாளித்தது என் மனைவிதான். என் தாடைத் துண்டைப் பிடுங்கி, அதாலேயே முதுகில் நாலு போட்டாள். பொம்பளைங்க போன் பண்ணா எடுக்கக்கூடாதாம் என்று பாய்க்கும் நல்ல டோஸ். எதிர்வீட்டு அம்மா தூரத்திலிருந்தே, அப்ப நாங்க அடுப்பு பத்த வைக்கலாமா என்று கேட்டாள். பாவம், தெருவே சாவு வீடு என்று சமைக்காமல் கிடந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஒரு விஷயத்தில்தான் நிம்மதி. டிரைவரே செத்துட்டா வண்டியை யார் ஓட்டுறது என்று காலையிலிருந்து அவர்களுக்கு அதே பேச்சாம்.

வந்தவர்கள் உடனே போய்விடவில்லை. நாற்காலி போட்டாயிற்று, டீ வந்தாயிற்று. என்னையும் நடுவில் உட்காரவைத்து ஒரு டீ கொடுத்தார்கள். என் சாவுக்கு வந்த டீயை நான் குடித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை கம்மி.

அப்போதுதான் தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆள். உடம்பெல்லாம் ஹைவே புழுதி. பனியனுக்கு மேல் கிரீஸ் சட்டை, பட்டறையில் இருந்த கோலத்திலேயே கிளம்பியிருக்கிறான். நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. யார் இவனுக்குச் சொன்னது என்று மனைவியைப் பார்த்தேன். நான்தான், முதல்ல அவருக்குத்தான் சொன்னேன், வேற யாருக்குச் சொல்லுவேன் என்றாள்.

கூட்டம் அவனுக்கு வழி விட்டது. விஷயத்தை அவனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே யாரும் படுத்திருக்கவில்லை என்று கண்டு, திரும்பி, நாற்காலியில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். அப்படியே நின்றான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் கையில் ஒரு மாலை இருந்தது. வெறும் சாமந்தி, ஒரு முழம்கூட இருக்காது. ஆயுத பூஜைக்கு ஆட்டோ கண்ணாடியில் மாட்டுவார்களே, அந்த அளவு.

நல்ல வார்த்தை ஏதாவது என் வாயில் வந்திருக்கலாம். வாடா என்று ஒரு சொல் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குப் பழகின வாய் வேறு. அந்த மாலையைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடா இது? கூடப் பொறந்தவன் செத்தா இவ்ளோதானா? ஒரு நல்ல மாலை வாங்க உனக்கு மனசு வரலியா?"

தெருவே என்னைத் திட்டப்போகிறது என்று நினைத்தேன். அவன் அந்த மாலையை ஒரு தரம் பார்த்தான். பாலத்து மேல் கத்தினவன்தான், இப்போது அவன் குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ரொம்பச் சின்னதாக வந்தது.

"பெரிய மாலை கட்ட நேரம் ஆவும்னான்ணா. அதுக்குள்ள உன்னத் தூக்கிடுவாங்கன்னு ஓடியாந்துட்டேன்."

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கிட்டே போய், ஹெல்மெட்டக் கழட்டுடா என்றேன். அவன் இரண்டு கையாலும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.